மொச்சைக்குப் பின்னால் ஒரு ராகி வயல்

மொச்சைச் சீசன் வந்தால் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் தினமும் பிதுக்குப் பருப்புக் குழம்புதான். ஊருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் போய் அது விளையும் இடத்தைப் பார்த்தால், அது மொச்சை வயலே இல்லை, ராகி வயல்! நடுநடுவே ஒரு சால் மொச்சை, ஒரு சால் துவரை, அப்புறம் ஆமணக்கு, கடுகு, பேயெள்ளு என்கிற எண்ணெய்வித்து. கன்னடத்தில் அக்கடி சாலு என்பார்கள்.

ஐப்பசி வாக்கில் பேயெள்ளு மஞ்சளாகப் பூத்திருக்கும்போது அந்தச் சாலில் நின்றால் தேனீ இரைச்சல் காதை அடைக்கும். ராகிக்குத் தேனீ தேவையில்லை; பேயெள்ளு அதை நம்பித்தான் காய்க்கிறது. உயர்ந்து நிற்கும் ஆமணக்கில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். வரப்பில் புங்கமரம், அதன் தழை நிலத்துக்கே உரம்.

இரண்டு ஏக்கர்காரர் இதைப் பறவைக்காகச் செய்யவில்லை. மழை ஏமாற்றி ராகி போனாலும் பனியிலேயே மொச்சை காய்த்துவிடும், அவ்வளவுதான் கணக்கு.

பக்கத்திலேயே தைலமரத் தோப்பு. கீழே புல்கூட ஒழுங்காக இல்லை. புதிதாகத் தைலமரம் நடக் கர்நாடக அரசு 2017இல் தடை போட்டது. பழையது வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. என்னைக் கேட்டால் அதைவிட மோசம் வீட்டுமனை லேஅவுட். எல்லைக்கல் நட்ட நிலத்தில் பார்த்தீனியம் மட்டும்தான் விளைகிறது.