எரிவாயு எங்கிருந்து வரும்?

மும்பை பவாய்ப் பக்கம் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு வேலை. மின்நிலையம் கட்ட நினைக்கும் நாடுகளுக்குச் சாத்தியக்கூறு அறிக்கை எழுதித் தருவோம். அதில் எரிபொருள் பற்றிய அத்தியாயம் என் பொறுப்பு. கூட்டங்களில் டர்பைன், சுவிட்ச்யார்டு பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஆனால் ஒரு எரிவாயு மின்நிலையம் பிழைக்குமா, படுத்துவிடுமா என்பது எரிபொருள் அத்தியாயத்தில்தான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அண்மையில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நாடு ஒன்றின் திட்டம் எங்களிடம் வந்தது. (பெயரைச் சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை.) 450 மெகாவாட், கம்பைண்டு சைக்கிள், எரிபொருள் கப்பலில் வரும் எல்என்ஜி, அதாவது குளிரூட்டித் திரவமாக்கிய இயற்கை எரிவாயு. கேட்பதில் நியாயம் இருந்தது. மழை பொய்த்தால் அங்கே நீர்மின்சாரம் கிடையாது. மருத்துவமனைகள்கூட டீசல் ஜெனரேட்டரை நம்பி இருக்கின்றன. கம்பைண்டு சைக்கிள் நிலையத்தில், கேஸ் டர்பைனிலிருந்து 600 டிகிரி அளவில் வெளியேறும் புகையை வைத்தே நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனையும் ஓட்டுவதால், எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் மின்சாரமாகிவிடும். கரியமில வாயுவும் நிலக்கரி நிலையம் விடுவதில் ஏறக்குறைய பாதிதான். இதிலெல்லாம் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கணக்குதான் உறுத்தியது. எரிவாயுவை எம்எம்பிடியு (பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு) அளவில் விற்கிறார்கள். ஒரு எம்எம்பிடியுவை எரித்தால் சுமார் 150 யூனிட் மின்சாரம் கிடைக்கும். விலை 6 டாலர் என்றால் எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 4 சென்ட். 12 டாலர் என்றால் 8 சென்ட். 30 டாலர் என்றால் 20 சென்ட். 30 டாலர் என்பது கற்பனை இல்லை. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா கிடைத்த எல்என்ஜி கப்பலையெல்லாம் வாங்கியபோது, ஆசியாவின் ஸ்பாட் விலை (நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அவ்வப்போது வாங்கும் விலை) அதையும் தாண்டிப் போனது. அந்த ஜூலையில் வங்கதேசம் ஸ்பாட் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டை அறிவித்தது. நிலையங்கள் நன்றாகத்தான் இருந்தன, எரிவாயு வாங்கத்தான் கட்டுப்படியாகவில்லை.

450 மெகாவாட் நிலையத்துக்கு ஆண்டுக்கு ஐந்தாறு கப்பல் எல்என்ஜி போதும். ஐந்தாறு கப்பல் வாங்குகிற நாட்டுக்கு அந்தச் சந்தையில் என்ன செல்வாக்கு இருக்கும்? ஜப்பான் அளவுக்கு வாங்குகிறவர்கள் பேரம் பேசலாம். இவர்களோ விற்பவர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

எங்கள் அலுவலகத்தில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், செம்பூரில் குடியிருப்பு. தொண்ணூறுகளில் தாபோல் மின்நிலையக் கட்டுமானத்தில் இளம் பொறியாளராக இருந்தவர். வரைவைப் படித்துவிட்டு, "அங்க யாரும் மெஷினைப் பத்தி சண்டை போடல தம்பி, பில்லைப் பத்திதான் சண்டை" என்றார். என் வரைவில் தாபோல் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொன்னவரும் அவர்தான்.

மும்பையிலிருந்து தெற்கே அதே கொங்கண் கரையில் இருக்கிறது தாபோல். 1992இல் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் மகாராஷ்டிர மின்வாரியத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டே உலக வங்கி, இது பொருளாதார ரீதியில் தாங்காது என்று கடன் தர மறுத்தது. ஆனாலும் கட்டினார்கள். 1999இல் முதல் கட்டம் நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளில் ஓடத் தொடங்கியது. கட்டணம் டாலரோடு பிணைந்திருந்தது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாரியம் நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். 2001இல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது, நிலையமும் நின்றது. 2005இல் மத்திய அரசு நிறுவனங்களான என்டிபிசியும் கெயிலும் சேர்ந்து புது நிறுவனம் தொடங்கி அதை மீட்க வேண்டியிருந்தது. பிறகு கப்பலிலிருந்து எல்என்ஜியை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் முனையம் வந்தபோதும், அலைதடுப்புச் சுவர் முடியாததால் பல ஆண்டுகள் மழைக்காலத்தில் அங்கே கப்பல் அணைய முடியவில்லை. நம் நாட்டுக்கே இந்த நிலை என்றால் சின்ன நாடு என்ன செய்யும்?

உள்நாட்டு எரிவாயு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆந்திரக் கடலோரத்தில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி6 வயல் வாயுவை நம்பி எழுந்த பல நிலையங்கள், 2010க்குப் பின் அந்த உற்பத்தி சரிந்ததும் பூட்டிக் கிடந்தன.

காணொளிக் கூட்டத்தில் அந்த நாட்டு மின்வாரியத்தின் நிதி அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் மக்கள் உள்ளூர்ப் பணத்தில் பில் கட்டுகிறார்கள். நாணய மதிப்பு விழுந்தால் மீதியை யார் தருவது?" நிலையத்தை முன்மொழிந்த நிறுவனத்தின் ஆட்கள் அரசாங்க உத்தரவாதம் என்றார்கள். அரசாங்கம் என்றால் அதே மக்கள்தானே! அந்த அம்மா கேட்டதை அப்படியே அத்தியாயத்தின் முதல் கேள்வியாக வைத்தேன்.

நாங்கள் பரிந்துரைத்தது 150 மெகாவாட். வறண்ட மாதங்களிலும் சூரிய மின்சாரம் ஓய்ந்த மாலை நேரத்திலும் மட்டும் ஓடும் நிலையம். வாங்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டிய எரிவாயு அளவை ஒப்பந்தத்தில் முடிந்தவரை குறைக்க வேண்டும் என்றும் எழுதினோம். எங்கள் குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. அளவு குறைந்தால் முனையத்தின் செலவு ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் அதிகமாக ஏறும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். போர் வந்தால் எரிவாயு என்ன விலைக்குப் போகும் என்பதை யார் கணக்கிட முடியும்?

முடிவு இன்னும் வரவில்லை. மூன்று வறண்ட மாதங்களுக்கு மட்டும் மிதக்கும் முனையக் கப்பலை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று வாரியம் கேட்டிருக்கிறது. இப்போது அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.