கறுப்பியின் இருமலும் இடையிடையே விழுங்கலும்

எங்கள் வீட்டுப் பூனை கறுப்பி மார்கழியில் இரும ஆரம்பித்தது. ஆனால் அது இருமல் என்று எனக்குத் தெரியவே மூன்று கிழமை போய்விட்டது. நிலத்தோடு நிலமாகப் பதுங்கி, கழுத்தை முன்னுக்கு நீட்டி, ‘ஹக் ஹக்’ என்று ஏழெட்டுத் தடவை. முடிவில் ஒன்றும் வெளியே வராது, இரண்டு மூன்று தரம் விழுங்கிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு எழும்பிப் போய்விடும். விழுங்குகிறதே, அப்போ வந்த மயிர் உருண்டைதான் திரும்ப உள்ளே போகிறது என்று நினைத்தேன். அம்மம்மா பாசையூரில் வாங்கின மீனின் முள் குத்தியிருக்கும் என்று சோற்றுக் கவளம் தீத்திப் பார்த்தார்.

ஒருநாள் கூடைக்குள் வைத்து ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அங்கே ஒரு இருமல்கூட இல்லை. நல்ல காலம், கைபேசியில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். பார்த்த உடனே, “இது சத்தி எடுக்கப் பார்க்கிறதில்லை பிள்ளை, இருமல்” என்றார். சத்தி எடுப்பதென்றால் வயிறு இழுத்து இழுத்து வேலை செய்யுமாம், பெரும்பாலும் ஏதாவது வெளியே வரும். இருமலில் தொண்டைக்கு வரும் சளியைப் பூனை துப்பாது, விழுங்கிவிடும். இவ்வளவு நாளும் என்னை ஏமாற்றியது அந்த விழுங்கல்தான். வாயைத் திறந்து முள் இருக்கிறதா, நாக்குக்கு அடியில் நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்தார். ஒன்றுமில்லை.

தொற்றாக இருக்கலாம் என்று முதலில் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை தந்தார். நான் வாய்க்குள் போட்டுத் தொண்டையைத் தடவிவிட்டேன், அவ்வளவுதான். நாலாம் நாள் பார்த்தால், இருமாமலே சும்மா இருக்கும்போதும் விழுங்கிக்கொண்டே இருக்கிறது, சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. திரும்ப ஓடினோம்.

“குளிசைக்குப் பிறகு தண்ணி குடுத்தனீரோ?”

இல்லை. பூனையின் உணவுக்குழாயில் காய்ந்த குளிசை கனநேரம் அப்படியே ஒட்டி நிற்கும், அதிலும் இந்த மருந்து அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும், சிலவேளை தழும்பாகிக் குழாயே ஒடுங்கிப்போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா என்று எனக்கு இன்னமும் கோபம். குளிசையை நிறுத்தி, புண் ஆற மருந்து தந்தார், ஒரு கிழமை குழைத்த சாப்பாடு. விழுங்கல் நின்றது. இப்போது எந்தக் குளிசைக்குப் பின்னாலும் ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லிலீட்டர் தண்ணீர், கடைவாய்ப் பக்கமாக, மெதுவாக.

இருமல் மட்டும் போகவில்லை. நுரையீரல் புழுவும் இப்படி இருமலைத் தரும் என்பதால் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்து, அப்புறம் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொய்வு. மனிதருக்கு வருகிற அதே ஆஸ்துமாதான். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து தொடங்கி, வைத்தியர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், நாங்களாக நிறுத்துவதில்லை. நுளம்புத்திரியை விட்டுவிட்டு வலை கட்டினோம். பின்னேரச் சாம்பிராணியை அம்மம்மா தானாகவே முற்றத்துக்குக் கொண்டுபோனார், அவருக்கு அது சின்ன விஷயமில்லை.

நித்திரையில் இருக்கும்போது மூச்சை எண்ணுகிறேன்; நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். முதலில் 44 இருந்தது, நேற்று 24. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் தப்பித்தவறியும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.