பழைய தனி வீடு பார்க்கப் போகிறீர்களா? ரோட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

சென்னையில் நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் நாற்பது ஐம்பது வருஷத்துத் தரைத்தள வீடு விலைக்கு வந்தால், முதலில் வாசலில் நின்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் பல தெருக்களில் வீட்டுத் தரை ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. கொத்தனாரிடம் சொல்லி டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து வித்தியாசத்தை அளந்துவிடுங்கள். தரை தாழ்ந்திருந்தால் பெருமழையில் கழிவுநீர் பாத்ரூம் வழியாகவே மேலேறும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர் வீட்டில் கேளுங்கள்.

அடுத்தது கான்கிரீட். பாத்ரூம் சீலிங், சன்ஷேட் அடிப்பக்கம், மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே: இந்த மூன்று இடமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கம்பி துருப்பிடித்தால் பருத்து, கீழிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே விரிசலும் பழுப்புக் கறையும் தெரியும். தடியால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும். ஓரிரு இடம் என்றால் கொத்தியெடுத்து, கம்பியைத் துருபோகத் தேய்த்து, பாலிமர் மார்ட்டர் (பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை) வைத்துச் சரிசெய்யலாம். அறைக்கு அறை அப்படி என்றால் மனைக்கு மட்டும் விலை பேசுங்கள். சீலிங்குக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

ஸ்விட்ச் போர்டைக் கழற்றச் சொல்லி எர்த் ஒயர் இருக்கிறதா பாருங்கள். கதவு நிலையின் அடியை ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். கரையான் அரித்திருந்தால் அதன் முனை உள்ளே இறங்கிவிடும்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள். பத்திரத்தின் நான்கு பக்க அளவையும் டேப் பிடித்துச் சரிபாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் அரை அடி உள்ளே வந்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசித் தீர்க்கச் சொல்லுங்கள்.