நூறு வருடத்துக்கு 1.2 மி.மீ.

இன்று காலை என் வாட்ச் ஜூன் 31 என்று காட்டியது. முப்பதோடு முடிகிற எல்லா மாதத்திலும் இதே கூத்துதான். திருகிச் சரிசெய்யும்போது, 1985-இல் ஐ.டபிள்யூ.சி. கம்பெனி கொண்டுவந்த டா வின்சி வாட்ச் நினைவுக்கு வந்தது. எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று தானே தெரிந்து தேதி மாற்றும் வாட்ச். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் கூர்ட் கிளாவுஸ் வடிவமைத்தது.

உள்ளே ஒரு சின்ன வட்டத் தகடு. விளிம்பில் 48 மாதங்களுக்கும் மேடு பள்ளம். நான்கு வருடத்துக்கு ஒரு சுற்று. ஒரு நெம்புகோல் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, இந்த மாதம் எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ளும். நான்கு பிப்ரவரிகளில் ஒன்றுக்கு மட்டும் ஆழம் மயிரிழை மாறும். லீப் வருடம் அவ்வளவுதான்!

வருடத்தை நான்கு இலக்கத்தில் காட்டும். அதன் முதல் இரண்டு இலக்கத்தைக் காட்டும் நூற்றாண்டுப் பட்டை நூறு வருடத்தில் நகர்வது வெறும் 1.2 மி.மீ. 2200-இல் மாட்ட இன்னொரு பட்டையைக் கண்ணாடிக் குழாயில் போட்டுக் கொடுத்தார்கள். (யார் பத்திரப்படுத்துவது?)

சிக்கலும் உண்டு. தேதி, கிழமை, மாதம், வருடம் எல்லாம் ஒரே திருகில் சேர்ந்து நகரும். ஆனால் தேதியைப் பின்னால் திருப்ப முடியாது. கூடுதலாகத் தள்ளிவிட்டால், வாட்சை நிறுத்திவிட்டு அந்தத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம், 2100 லீப் வருடம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. நாமே தேதியைத் தள்ளினால் கிழமையும் சேர்ந்து ஓடும். அன்றைக்கு ரிப்பேர் கடைதான்.