எட்டாவது வாரம்

கோத்தகிரியில் நடந்த பயிற்சிக்கு வந்த பதினொரு பேரும் ஏற்கெனவே கவுன்சலிங் செய்துகொண்டிருப்பவர்கள். சிக்கலே அதுதான். ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பழகியவருக்கு, எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் கை கால் ஓடாது. யாராவது அழுதால் உடனே அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். மீதி ஏழு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

நாங்கள் சொல்லிக்கொடுத்தது உறவுசார் உளசிகிச்சையின் குழு வடிவம்; மனச்சோர்வை உறவுகளோடு சேர்த்துப் பார்க்கும் பேச்சு சிகிச்சை அது. 1970களில் அமெரிக்காவில் ஜெரால்டு கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் தனிநபருக்காக உருவாக்கிய முறை இது. 2002-ல் உகாண்டா கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே இதைக் குழுவாக, வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் 16 வாரம் நடத்தினார்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கையேட்டில் அது 8 அமர்வு. மனச்சோர்வு எங்கிருந்து கிளம்பியது என்று நான்கு இடத்தில் தேடச் சொல்வார்கள்: இழப்பு, சச்சரவு, வாழ்க்கை மாற்றம், தனிமை.

இதில் இழப்பு என்றால் மரணம் மட்டும்தான். ஊரைவிட்டு வந்ததெல்லாம் மாற்றத்தில் சேரும். இதைச் சொன்னதும் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா கை தூக்கினார். “எங்க அப்பா 1964 ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்தவர் சார். கண்டியைப் பத்திப் பேசினா, செத்துப்போன ஆளைப் பத்திப் பேசுற மாதிரிதான் பேசுவார்.” பலகையில் ‘மாற்றம்’ என்றுதான் எழுதினேன். ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதினேன்.

அப்புறம் குழுவை முடிப்பது. முதல் வாரத்திலிருந்தே இன்னும் ஏழு, இன்னும் ஆறு என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நான் முதன்முதலில் நடத்திய குழுவில் கடைசி நாளன்று ஒரு அம்மா அழுதார். மனசு கேட்காமல் இரண்டு வாரம் நீட்டினேன். ஒன்பதாவது வாரம் மூன்று பேர் வந்தார்கள், பத்தாவது வாரம் அந்த அம்மா மட்டும். “அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிருப்பேனே” என்றார். அது என் பிசகு. பயிற்சிக்குப் போகும் இடமெல்லாம் இதைச் சொல்லிவிடுவேன்.

நம் பேச்சிலும் முடித்து விடைபெற வழியில்லை. ‘போகிறேன்’ என்று சொன்னால் வீட்டில் அடிக்க வருவார்கள், ‘போயிட்டு வரேன்’தான். கடைசி நாள் ஒத்திகையில், எட்டாவது அமர்வை அந்தக் கூடலூர் அக்காதான் நடத்தினார். எல்லாம் சரியாகப் போனது, கடைசியில் பழக்கதோஷத்தில் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மார்க்கெட்ல பார்த்தா நீங்க எட்டுப் பேரும் நின்னு பேசிக்கணும், சரியா? நான் வரமாட்டேன்” என்றார்.