வட்டத்துக்குள் ஓர் ஆறு

எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் பள்ளிக் கல்வித் திட்டத்தை வார்த்துவிட்டு, பிள்ளைகள் வரவில்லை என்று பெற்றோரைக் குறை சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. இதற்குள் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடலாம் என்று வரைபடத்தில் பள்ளியைச் சுற்றி வட்டம் போடுவது எளிது. அந்த வட்டத்துக்குள் பாலமில்லாத ஓர் ஆறு ஓடுவது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

ஊர் மக்களைக் கேட்டுச் செய்தவர்களும் இருக்கிறார்கள். கொலம்பியாவின் கிராமங்களில் 1970களில் தொடங்கிய ‘எஸ்குவேலா நுவேவா’ (புதிய பள்ளி) என்ற கல்வி முறையில், அறுவடைக்காக வயலுக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடரலாம். ஓர் ஆண்டையே இழக்க வேண்டியதில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1985இல் ஓரறைப் பள்ளிகளைத் தொடங்கியபோது, வகுப்பு நேரத்தைப் பெற்றோரிடம் கலந்துபேசியே முடிவு செய்தது. ஆசிரியர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். வீட்டு வேலையும் வயல் வேலையும் எப்போது முடியும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்!

தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்று யுனெஸ்கோ அறிக்கை 1953இலேயே வலியுறுத்தியது. இன்றும் எத்தனையோ குழந்தைகள் முதல் நாளே புரியாத மொழியின் முன் உட்கார்கிறார்கள்.

திட்டக் குழுக்களில் இருக்கும் நண்பர்களே, உங்கள் ஆலோசனைக் கூட்டத்தை வேலை நேரத்தில் வைக்காதீர்கள். கூலிக்குப் போகும் தாய் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு எப்படி வருவார்?