பி3எல்ஒய்பி-யில் அந்த ‘பி’ யாரு?

பாளையங்கோட்டைப் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிற பசங்க கம்ப்யூட்டரில் மூலக்கூறு கணக்குப் போட்டால், ப்ராஜெக்ட் அறிக்கையில் பி3எல்ஒய்பி (B3LYP) என்ற பெயர் பெரும்பாலும் இருக்கும்; மூலக்கூறில் எலெக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிடுகிற ஒரு முறை அது. அந்த ‘பி’ யாரு என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

ஆக்செல் பெக்கே என்ற வேதியியலாளர். 1988-இல் அவர் எழுதிய 3 பக்கக் கட்டுரை வந்தது வேதியியல் இதழில் இல்லை. அணு, மூலக்கூறு, ஒளி இயற்பியலுக்கான பிசிக்கல் ரிவ்யூ ஏ-யில். எலெக்ட்ரான் அடர்த்தி ஒரு புள்ளியில் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், அது பக்கத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்து, அணுவை விட்டுத் தள்ளிப் போகப் போக விடை சரியான விதத்தில் தேய்கிற மாதிரி, எலெக்ட்ரான்களின் ஆற்றலில் ஒரு பங்கைக் கணக்கிட ஒரு சூத்திரம் கொடுத்தார். (மிச்சமுள்ள ‘எல்ஒய்பி’, அதாவது லீ, யாங், பார் மூவரின் சூத்திரம், அதே ஆண்டு பிசிக்கல் ரிவ்யூ பி-யில் வந்தது.)

தாய் இதழான பிசிக்கல் ரிவ்யூ 1893-இல் தொடங்கியது. பெருத்துப்போய், 1970-இல் கூட்டுக்குடும்பம் பாகம் பிரிக்கிற மாதிரி ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். குவாண்டம் கணினியும் ஏ-யின் பங்கில்தான் வந்து சேர்ந்தது: ஒரு குவாண்டம் பிட்டை (குவாண்டம் கணினியில் தகவலின் அடிப்படை அலகு) 9 குவாண்டம் பிட்டுகளில் பரப்பிப் பிழையிலிருந்து காப்பாற்றலாம் என்று பீட்டர் ஷோர் 1995-இல் எழுதியது இங்கேதான். எனக்கு அதைவிடப் பெக்கேதான் பிடிக்கும்.

“ஏல, இயற்பியல் புக்கு நமக்கு எதுக்குல?” என்றால், மேற்கோள் காட்டுகிறதை ஒருமுறையாவது படிக்கணும், அவ்வளவுதான். புதுக் கட்டுரைகள் பல ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவேற்றுகிற, 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெக்கே அதற்கு முந்தியவர், அதனால் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.